பிளேட் மாத்தியும் ரிவர்ஸ் விழாத டிஸ்போசல் ஜீப்

தம்பி, நீங்க எழுதினதை ரெண்டு தாட்டி படிச்சேன். கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில ஆறு வருசமா நின்னிருந்த உங்க அப்புச்சியோட (அம்மாவோட அப்பா) சிஜே3பி மாடல் வில்லீஸ் ஜீப். மிலிட்டரி ஏலத்துல எடுத்த டிஸ்போசல் வண்டி. இன்ஜினை உசுப்பினப்ப கிளட்ச் விடல, அதாவது பெடலை மிதிச்சும் இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரியல. பட்டறையில கியர்பாக்ஸை இறக்கி, இன்ஜின் பலத்தை கியர்பாக்ஸுக்குக் கடத்தற கிளட்ச் பிளேட், அதை இன்ஜின் சுத்தற ஃபிளைவீலோட அழுத்திப் பிடிக்கற பிரஷர் பிளேட், பெடலை மிதிச்சா அந்த அழுத்தத்தை விலக்கற ரிலீஸ் பேரிங் மூணையும் புதுசா போட்டாங்க. இப்ப வண்டி ஓடுது. ஆனா ரிவர்ஸ் போட்டா கரகரன்னு பல்லைக் கடிக்குது, ஃபர்ஸ்ட் கியரும் அப்படித்தான், வண்டி சூடாக ஆக இன்னும் மோசம். எப்படியோ கியர் விழுந்துட்டா, பெடலை மிதிச்சு நிக்கற வரைக்கும் வண்டி நகரறதில்ல, ஆனா ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் வருது. கிளம்பறப்ப வண்டி முழுக்க தடதடன்னு குலுங்குது. மறுபடியும் இறக்கி இன்னொரு கிளட்ச் செட் போடணும்னு பட்டறையில சொல்றாங்க, போடட்டுமான்னு கேட்டிருக்கீங்க.

போடாதீங்க. நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. ரெண்டு தனித்தனிக் கோளாறு ஒண்ணாக் கலந்து கிடக்கு, ரெண்டுமே கிளட்ச் பிளேட்டுல இல்லைங்கறது என் எண்ணம். ஒண்ணு, இன்ஜினோட கிராங்க்ஷாப்ட் பின்முனையில உக்காந்திருக்கற பைலட் புஷ்ங்கற சின்ன வெண்கல வளையம். இன்னொண்ணு, இன்ஜினை இடம் மாறாமப் பிடிச்சு வெக்கற மவுண்ட் ரப்பரும் ஸ்டே கேபிளும். ஆனா நான் சொல்றேன்னு நாளைக்கே கியர்பாக்ஸை இறக்கிடாதீங்க. ஒரு காலை நேரத்துல, வண்டியைப் பிரிக்காமயே, இது சரியா தப்பான்னு நீங்களே பார்த்துக்கலாம். இந்த ஜீப்புல கியர்பாக்ஸும், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பலத்தைப் பிரிச்சுக் குடுக்கற டிரான்ஸ்ஃபர் கேஸும் ஒரே கட்டா ஒட்டியிருக்கு. ரெண்டு புரொப்பல்லர் ஷாப்ட், ஹேண்ட் பிரேக், கிராஸ் மெம்பர்னு கழட்டித்தான் அதை வெளிய எடுக்க முடியும். அவ்வளவு வேலையை ஊகத்துல ஒரு தடவை செஞ்சாச்சு. ரெண்டாம் தடவை செய்யறப்ப எதுக்காக இறக்கறோம்னு தெரிஞ்சு இறக்கணும்.

முதல்ல இந்த வண்டியோட கிளட்ச் எப்படி வேலை செய்யுதுன்னு மனசுல வாங்கிக்கோங்க. உங்க சிஜே3பி, ரெண்டாம் உலகப் போர்ல 1941-ல இருந்து 1945 வரைக்கும் ஆறு லட்சத்துக்கு மேல ஓடி இறங்கின வில்லீஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ ஜீப்புகளோட நேர் வாரிசு. இதுல இருக்கற ஹரிக்கேன் இன்ஜின்ல இன்லெட் வால்வு ஹெட்டுக்கு மேல போனதால இன்ஜின் உசந்துச்சு, அதனால பானெட்டும் உசந்துச்சு. ஆனா காலுக்கும் கிளட்சுக்கும் நடுவுல இருக்கற ஏற்பாடு கிட்டத்தட்ட அந்தப் போர்க்கால ஜீப்புல இருந்ததேதான். ஆயில் கிடையாது, மாஸ்டர் சிலிண்டர் கிடையாது. பெடல், பெடல் ஷாப்ட், ஒரு ராடு, சேசிஸுக்கும் கியர்பாக்ஸ் பக்கத்துக்கும் குறுக்கே கிடக்கற ஒரு கிராஸ் டியூப், அதுல இருந்து ஃபோர்க்குக்குப் போற கேபிள், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளற அந்த ஃபோர்க், ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட்டோட மூணு விரல். அத்தனையும் இரும்பு இரும்பைத் தள்ளற வேலை.

நீங்க பெடலை அரை அடி மிதிக்கறீங்க. அந்த அரை அடி இத்தனை மூட்டைத் தாண்டி உள்ள போய்ச் சேர்றப்ப, பிரஷர் பிளேட் பின்வாங்கற தூரம் ரெண்டு மில்லிமீட்டர் கூட இருக்காது. அந்த ரெண்டு மில்லிக்குள்ளதான் பிளேட் ரெண்டு பக்கமும் விடுபட்டு நிக்கணும். இப்ப ஒவ்வொரு மூட்டுலயும் தேய்மானம் கொஞ்சம் கொஞ்சம்னு வெச்சுக்கோங்க. பெடல் ஷாப்ட் புஷ்ல கொஞ்சம், ராடு மாட்டற பின்னுல கொஞ்சம், கிராஸ் டியூப் குண்டுல கொஞ்சம். எல்லாம் கூடி அந்த ரெண்டு மில்லியைத் தின்னுடும். உள்ள எத்தனை புது சாமான் போட்டாலும் கிளட்ச் விடாது. டிஸ்போசல் ஜீப்புல "கிளட்ச் போச்சு"ன்னு எங்கிட்ட வந்ததுல பெரும்பாலானது உள்ள போகல, வெளியதான் போயிருந்துச்சு.

காங்கேயம் பக்கத்துல ஒருத்தர் ஜீப்புல இதை நான் நேர்ல பட்டேன். கிளட்ச் விடலன்னு ரெண்டு தடவை கியர்பாக்ஸை இறக்கி ஏத்தினோம். பிளேட் நல்லா இருந்துச்சு, பேரிங் நல்லா இருந்துச்சு, விரல் மூணும் ஒரே மட்டம். மூணாவது தடவை இறக்கறதுக்கு முன்னால, அவரோட சின்னப் பையனை சீட்டுல உக்கார வெச்சு பெடலை மெதுவா மிதிக்கச் சொல்லிட்டு நான் கோணிச்சாக்கை விரிச்சு அடியில படுத்தேன். டார்ச் வெளிச்சத்துல கிராஸ் டியூப் மாட்டியிருக்கற சேசிஸ் பக்கத்து பிராக்கெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன். பையன் மிதிக்கறப்ப அந்த பிராக்கெட்டோட ஓரத்துல அப்பியிருந்த சேத்துப் பொறுக்குல தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு விழுந்துச்சு. விட்டா மூடிக்கிச்சு. மறுபடி மிதிக்க, மறுபடி திறந்துச்சு. சேத்தைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சுப் பார்த்தா வெல்டிங் முக்கால்வாசி விட்டிருக்கு. கிளட்சைத் தள்ள வேண்டிய பலம் முழுக்க அந்த பிராக்கெட்டை வளைக்கறதுலயே போயிட்டிருந்துச்சு. வெல்டு வெச்சு, ஒரு தாங்கு தகடு சேர்த்து முடிச்சோம். அன்னையில இருந்து பெடலை ஒருத்தர் மிதிக்க, அடியில ஒருத்தர் படுத்துப் பார்க்காம எந்த ஜீப்போட கியர்பாக்ஸ்லயும் நான் ஸ்பேனர் வெக்கறதில்ல.

நீங்களும் அதுல இருந்தே ஆரம்பிங்க. வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வெச்சு, இன்ஜின் அணைச்சிருக்கறப்ப மட்டும் அடியில போங்க. முதல்ல ஃப்ரீ பிளே, அதாவது பெடல் சும்மா போற தூரம். பெடல் பக்கத்துல ஒரு ஸ்கேலை நிறுத்தி, பெடலைக் கையாலயே அழுத்துங்க. லேசாப் போய்க்கிட்டே இருந்து ஒரு இடத்துல கனம் தட்டும். அங்க வரைக்கும் முக்கால் இன்ச்சுல இருந்து ஒரு இன்ச்சு இருக்கணும். அதிகமா இருந்தா கிளட்ச் முழுசா விடாது. குறைவா இருந்தா ரிலீஸ் பேரிங் எந்நேரமும் விரல் மேல உரசிக்கிட்டே சுத்தி சீக்கிரம் சாகும், கிளட்சும் வழுக்கும். ஃபோர்க்குக்குப் போற கேபிள் முனையில அட்ஜஸ்டிங் நட்டும் லாக் நட்டும் இருக்கு, அங்கதான் சரி பண்ணணும். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. லிங்கேஜ், அதாவது பெடல்ல இருந்து ஃபோர்க் வரைக்கும் இருக்கற மூட்டுகளோட தேய்மானத்தை மறைக்கறதுக்காக ஃப்ரீ பிளேயை மொத்தமா முறுக்கி எடுத்துடற பழக்கம் நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல நிறைய இருக்கு. அன்னைக்கு கியர் நல்லா விழும், நாலு மாசத்துல பேரிங் அலறும். அதை வேலைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். தேய்ஞ்ச பின்னையும் புஷ்ஷையும் மாத்தறதுதான் வேலை. கோயமுத்தூர்லயோ ஈரோட்டுலயோ எந்த லேத்துக்காரர்கிட்டக் குடுத்தாலும் அரை நாள்ல கடைஞ்சு குடுத்துடுவாங்க.

அப்புறம் ஒருத்தரை மிதிக்க வெச்சு, கால்ல இருந்து உள்ள வரைக்கும் ஒவ்வொரு மூட்டா வரிசையா பாருங்க. பெடல் அசைஞ்ச உடனே அடுத்தது அசையணும். எங்க ஒண்ணு அசைஞ்சு, அடுத்தது ஒரு நொடி சும்மா நிக்குதோ அங்க தேய்மானம். பெடல் மேலயும் கீழயும் போறதோட பக்கவாட்டுலயும் சாயுதுன்னா ஷாப்ட் புஷ் போயிடுச்சு. அதுக்கு கிரீஸ் நிப்பிள் இருக்கு, ஆறு வருசமா யாரும் கிரீஸ் அடிச்சிருக்க மாட்டாங்க. கிராஸ் டியூப்போட ரெண்டு முனையிலயும் குண்டு தேய்ஞ்சு முட்டை மாதிரி ஆகியிருக்கும். டியூப்பைக் கையால பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தாலே கடகடன்னு சொல்லிடும். கடைசியா ஃபோர்க். கேபிள் அதை இழுக்கறப்ப, அது கிளட்சை மூடியிருக்கற பெல் ஹவுசிங் ஓட்டைக்குள்ள நேரா நகருதா, ஒரு பக்கமா சரிஞ்சு நகருதான்னு பாருங்க.

இது எல்லாம் சரியா இருந்தா, அடுத்து இன்ஜினை ஓட விட்டு மூணு சோதனை. உங்க வண்டியோட உண்மை இதுலதான் வெளிவரும்.

முதல் சோதனை. நியூட்ரல்ல இன்ஜின் மெதுவா ஓடட்டும். பெடலை முழுசா மிதிச்சு, பத்து எண்ணுங்க. அப்புறம் ரிவர்ஸ் போடுங்க. மூணு கியர் இருக்கற இந்த பாக்ஸ்ல, பல்லு சேர்றதுக்கு முன்னாலயே ரெண்டோட வேகத்தையும் சமமாக்கற சிங்க்ரோமெஷ் செகண்டுக்கும் தேர்டுக்கும்தான் உண்டு. ஃபர்ஸ்ட்டும் ரிவர்ஸும் பல்லோட பல் நேரா உரசித்தான் சேரும். அதனால பெடலை மிதிச்ச உடனே ரிவர்ஸ் தள்ளினா நல்ல கிளட்சா இருந்தாலும் கொஞ்சம் கரகரங்கும். உள்ள ஷாப்ட் சுத்தி ஓய நேரம் வேணும். பத்து எண்ணியும் கரகரங்குதுன்னா, ஷாப்ட் ஓயவே இல்ல, ஏதோ ஒண்ணு அதைச் சுத்திக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். செகண்ட் கியர் உங்களுக்கு நல்லா விழறதா எழுதலைன்னாலும், விழும்னு நினைக்கறேன். சிங்க்ரோ அந்தக் குறையை மூடி வெச்சுக்கும். அதை வெச்சு கிளட்ச் சரின்னு முடிவு பண்ணிடாதீங்க.

ரெண்டாவது சோதனை. இதுக்கு இடம் வேணும், வேலிக்கு நடுவுல போற ஒடுங்கின இட்டேரியில வேண்டாம், எதிர்ல ஆளோ மாடோ இல்லாத வெத்து வயக்காட்டுல செய்யுங்க. கியர்ல போட்டு, பெடலை மிதிச்சே வெச்சு, பிரேக்கை மெதுவா விட்டுப் பாருங்க. சமதளத்துல வண்டி ஊர்ந்து போகப் பார்த்தா பிளேட்டே ஃபிளைவீலையோ பிரஷர் பிளேட்டையோ தொட்டுக்கிட்டு இருக்கு. பிளேட் தொட்டா அதுல வண்டியையே நகர்த்தற பலம் இருக்கும். உங்க வண்டி நகரலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்படின்னா ஷாப்ட்டைச் சுத்தறது பலம் குறைஞ்ச ஒண்ணு. சும்மா தொங்கற பல்சக்கரத்தைச் சுத்தி விட அதுக்குத் தெம்பு இருக்கு, ஒரு டன்னுக்கு மேல எடையுள்ள வண்டியை நகர்த்தத் தெம்பு இல்ல. அந்தக் குணம் காய்ஞ்சுபோன பைலட் புஷ்ஷுக்குத்தான் உண்டு.

பைலட் புஷ் எங்க இருக்குன்னு சொல்லிடறேன். கியர்பாக்ஸ் இன்புட் ஷாப்ட்டோட மூக்கு, கிளட்ச் பிளேட்டைத் தாண்டிப் போய் கிராங்க்ஷாப்ட்டோட குழிக்குள்ள ஒரு வெண்கல புஷ்ல உக்காந்திருக்கும். கிளட்ச் சேர்ந்திருக்கறப்ப கிராங்க்கும் ஷாப்ட்டும் ஒரே வேகத்துல சுத்தறதால புஷ்ஷுக்கு வேலையே இல்ல. பெடலை மிதிச்சு கியர்ல நிக்கறப்ப மட்டும் ஷாப்ட் நின்னுக்கும், கிராங்க் சுத்தும், புஷ் ரெண்டுக்கும் நடுவுல தேயும். ஆறு வருசம் நின்ன வண்டியில அந்த வெண்கலத்துக்குள்ள ஊறியிருந்த ஆயில் காய்ஞ்சு பிசின் ஆகியிருக்கும். சூடு ஏற ஏற ஷாப்ட் மூக்கை இறுக்கிப் பிடிக்கும். சூடானா மோசமாகுதுன்னு நீங்க எழுதினது இதோட ஒத்துப் போகுது.

மூணாவது சோதனை காதுக்கு. பெடலை விரலால லேசா, ஃப்ரீ பிளே முடியற இடம் வரைக்கும் மட்டும் அழுத்துங்க. அங்கயே சத்தம் ஆரம்பிச்சா ரிலீஸ் பேரிங். பெடலை விட்டு, நியூட்ரல்ல இருக்கறப்ப ஊங்கற சத்தம் கேட்டு, மிதிச்சா நின்னா, அது கியர்பாக்ஸ் முன் பேரிங். பெடலை முழுசா மிதிச்சு நியூட்ரல்ல சத்தமே இல்லாம, அப்படியே கியர் போட்டதும் கீச்சுன்னு ஆரம்பிச்சா அது பைலட் புஷ். நியூட்ரல்ல புஷ் ஷாப்ட்டை இழுத்துக்கிட்டு தானும் அதுவும் சேர்ந்தே சுத்திக்கும், உரசல் இல்ல. கியர்ல போட்டா சக்கரம் ஷாப்ட்டைப் பிடிச்சு நிறுத்திடும், அப்ப உரசும். உங்க கீச்சு எப்ப வருதுன்னு இப்படிப் பிரிச்சுப் பாருங்க. இந்த மூணு சோதனையும் ஒரே பக்கம் கை காட்டினா அப்புறம் தயங்காம இறக்கலாம்.

குலுக்கல் வேற கதை. கிளம்பறப்ப குலுங்கினா, பிளேட் மேல இருக்கற உரசு பட்டையான லைனிங்ல ஆயில் பட்டிருக்குன்னு எல்லாரும் முதல்ல சொல்லுவாங்க. படலாம்தான். இந்த இன்ஜினோட பின் மெயின் சீல் ஒழுகறது புதுசில்ல. ஆனா பிளேட் புதுசு போட்டு கொஞ்ச நாள்தான் ஆச்சு. நான் முதல்ல பார்க்கறது ஸ்டே கேபிளை. பெடலை மிதிக்கறப்ப லிங்கேஜ் முழு இன்ஜினையும் முன்னால இழுக்கும். அதைத் தடுக்கறதுக்குன்னே இன்ஜின் பக்கத்துக்கும் சேசிஸ் கிராஸ் மெம்பருக்கும் நடுவுல ஒரு குட்டைக் கம்பிக் கயிறு கட்டியிருக்கும், ரெண்டு பக்கமும் நட்டு வெச்சு. கியர்பாக்ஸை இறக்கினவங்க அதைக் கழட்டிட்டு திரும்ப மாட்டாம விட்டிருக்கலாம், இல்ல தொளதொளன்னு மாட்டியிருக்கலாம். அது இல்லாம கிளட்சை விட்டா இன்ஜின் பின்னால வரும், வர்ற வேகத்துல லிங்கேஜ் தானா மறுபடி மிதிபடும், கிளட்ச் பிடிக்கும், விடும், பிடிக்கும். அதுதான் தடதட. கயிறு தொங்காம, அதே நேரம் மவுண்ட் ரப்பரை இழுத்துப் பிதுக்காம, அளவா விறைப்பா இருக்கணும்.

அதோட மவுண்ட் ரப்பரையும் பாருங்க. பானெட்டைத் திறந்து வெச்சு, ஒருத்தர் கிளட்சை விட்டு வண்டி நகர ஆரம்பிக்கறப்ப நீங்க பக்கவாட்டுல, வண்டிப் பாதையை விட்டுத் தள்ளி நின்னு இன்ஜினைக் கவனிங்க. தேர் அசையற மாதிரி ஆடினா ரப்பர் செத்துடுச்சு. ரப்பரை நகத்தால கீறினா கருப்பு மாவு உதிரும். ஸ்பிரிங் யூ போல்ட்டும் புரொப்பல்லர் ஷாப்ட் கிராஸும் தளர்ந்திருந்தாலும் குலுங்கும், ஸ்பேனர் போட்டு ஒரு சுத்து பார்த்துடுங்க. இதுக்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்ல.

சரி, சோதனை எல்லாம் புஷ்ஷைத்தான் காட்டுது, இறக்கியாச்சு. இறக்கினதுக்கு அப்புறம் கண் எங்க எங்க போகணும்னு சொல்றேன். பிளேட்டைக் கையில எடுத்ததும் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்த்து இருந்துச்சுன்னு கவனிங்க. ஹப் துருத்திக்கிட்டு இருக்கற பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும். திருப்பி மாட்டியிருந்தா ஹப் ஃபிளைவீல் போல்ட்டு மேல உரசி பளபளன்னு ஒரு வட்டம் போட்டிருக்கும். அப்புறம் பிளேட்டைத் தட்டையான இடத்துல வெச்சுப் பாருங்க. ஏத்தறப்ப கியர்பாக்ஸோட மொத்தக் கனத்தையும் இன்புட் ஷாப்ட்டுல தொங்க விட்டா, ஷாப்ட் பிளேட்டோட ஹப்பைக் கோணலாக்கிடும். புதுப் பிளேட் போட்ட அன்னைக்கே கெட்டுப் போறது இப்படித்தான். அலைன்மென்ட் கம்பி வெச்சு பிளேட்டை நடுப்படுத்தணும், ஜாக்கியும் கட்டையும் வெச்சு கியர்பாக்ஸைக் கடைசி வரைக்கும் தாங்கிக்கிட்டே தள்ளணும். போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்து உக்கார வெக்கவே கூடாது.

பிரஷர் பிளேட்டோட மூணு விரலும் ஒரே உயரத்துல நிக்குதான்னு அளந்து பாருங்க. கால் மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். கடையில வாங்கின புது செட்டுன்னு நம்பிடாதீங்க, பெட்டியைப் பிரிச்சு எடுத்ததுலயே ஒரு விரல் இறங்கியிருக்கறதை நான் பல தடவை பார்த்திருக்கேன். அப்படி இருந்தா பிளேட் கோணலாத்தான் விடும், ஒரு ஓரம் ஒட்டிக்கிட்டே இருக்கும். பழைய பிளேட்டையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விட்டம், கனம், பல் எண்ணிக்கை மூணும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஃபிளைவீலை லேத்துல குடுத்து சீவியிருந்தா, லைனிங் உக்கார்ற பரப்பும் கவர் போல்ட் ஏறற பரப்பும் முன்ன இருந்த உறவுலயே இருக்கணும். உள்பக்கத்தை மட்டும் சீவினா அழுத்தம் குறைஞ்சு கிளட்ச் வழுக்கும்.

பைலட் புஷ்ஷைக் கழட்டறதுக்கு ஒரு பழைய வழி இருக்கு. உளி வெச்சு அடிச்சா கிராங்க் குழி கீறிடும், அதை யாரும் செய்ய விடாதீங்க. குழி நிறைய கிரீஸை அமுக்கி அடைங்க. புஷ்ஷோட உள்விட்டத்துக்கு இறுக்கமா சேர்ற மாதிரி ஒரு இரும்பு உருளையை, இல்லைன்னா பழைய இன்புட் ஷாப்ட் ஒண்ணை, அதுக்குள்ள வெச்சு சுத்தியால தட்டுங்க. கிரீஸுக்குப் போக வேற வழி இல்லாம புஷ்ஷைப் பின்னால இருந்து தள்ளிக்கிட்டு வெளிய வரும். நாலஞ்சு தட்டுல முழுசா கையில வந்து விழறதைப் பார்க்கறப்ப மனசுக்கே நிறைவா இருக்கும். வெளிய வந்த புஷ்ஷை உங்க நகத்தால தடவிப் பாருங்க. நல்ல புஷ் வழுவழுன்னு ஆயில் கசிஞ்சு மஞ்சளா இருக்கும். உங்களோடது உள்ள கறுத்து, ஷாப்ட் மூக்குலயும் செம்பு நிறத்துல ஒரு வளையம் ஒட்டியிருந்தா வேற சாட்சி வேண்டாம். புது புஷ்ஷை ஒரு ராத்திரி முழுக்க இன்ஜின் ஆயில்ல ஊறப் போட்டு, அடிச்சு இறக்கி, ஷாப்ட் மூக்கை அதுக்குள்ள விட்டு கையால சுத்திப் பாருங்க. தடங்கல் இல்லாம சுத்தணும். இறுகினா துளையைச் சீவற ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டு வரணும். மூக்குல கிரீஸை அள்ளி அப்பாதீங்க, சூட்டுல உருகி லைனிங்குக்குத்தான் போய்ச் சேரும்.

அங்க இருக்கறப்பவே ரெண்டு விஷயம். பெல் ஹவுசிங்கோட அடியில ஒரு ஓட்டை இருக்கும். ஒழுகற ஆயில் தேங்காம வெளிய சொட்டிப் போறதுக்கான வழி அது. ஆழமான தண்ணியில இறங்கறப்ப மட்டும் அதுல பிளக் போட்டு, வெளிய வந்ததும் கழட்டிடணும்னுதான் மிலிட்டரி ஏற்பாடு. பிளக் போட்டபடியே விட்டுட்டாலோ, சேறு அடைச்சுக்கிட்டாலோ ஆயில் உள்ளயே நின்னு லைனிங்கை நனைக்கும். தடப்பள்ளி வாய்க்கால் ஓரச் சேத்துல ஓடற வண்டிங்கறதால சொல்றேன், கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணுங்க. அடுத்தது, ரிலீஸ் பேரிங்கை மண்ணெண்ணெய்லயோ பெட்ரோல்லயோ முக்கிக் கழுவாதீங்க. உள்ள அடைச்ச கிரீஸ் கரைஞ்சு போயிடும், அப்புறம் அது ஒரு மழைக்குத் தாங்காது.

முக்கியமா ஒண்ணு. பழைய வண்டியோட பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். பெல் ஹவுசிங்குக்குள்ள படிஞ்சிருக்கற சாம்பல் தூசியை ஏர் அடிச்சு ஊதற பழக்கம் எல்லாப் பட்டறையிலயும் இருக்கு. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது, இருபது முப்பது வருசம் கழிச்சு நுரையீரல்ல வேலையைக் காட்டும். தண்ணி தெளிச்சு நனைச்சு, ஈரத்துணியால துடைச்சு, துணியைப் பையில கட்டிப் போடுங்க. வேலை பார்க்கற பசங்களுக்கும் சொல்லுங்க, அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

கிளட்ச் வழுக்கறதைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா வேலை முடிஞ்சதும் அதையும் ஒருக்கா பார்த்துடுங்க. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இன்ஜினை முறுக்கி சோதிக்கறது இந்த ஜீப்புக்கு ஆகாது. ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, டிரான்ஸ்ஃபர் கேஸ் பின்னால டிரம்முல இருக்கு, அத்தனை முறுக்கும் அங்கயே போய் விழும். ரோட்டுல செய்யுங்க. சத்தியமங்கலத்தைத் தாண்டி பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுப் போனா, திம்பம் மலையில 27 வளைவு இருக்கு. ஏத்தம் ஆரம்பிக்கற நேர்ப் பகுதியில, முன்னும் பின்னும் வண்டி இல்லாதப்ப, டாப் கியர்ல மெதுவா போய்க்கிட்டே ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. இன்ஜின் திணறி மெதுவா வேகம் எடுத்தா கிளட்ச் நல்லா பிடிக்குது. இன்ஜின் சத்தம் மட்டும் உசந்து வண்டி வேகம் உசரலைன்னா வழுக்குது. கருகின நாத்தம் வர்ற வரைக்கும் சோதிக்க வேண்டாம், ஒரு தடவை தெரிஞ்சா போதும்.

டீசல் இன்ஜின் மாத்திடலாமா, ஹைட்ராலிக் கிளட்ச் ஆக்கிடலாமான்னும் கடைசியில கேட்டிருந்தீங்க. தோட்டத்துக்கும் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கும் அப்புச்சி இந்த பெட்ரோல் இன்ஜினையும் இந்தக் கம்பிக் கிளட்சையும் வெச்சுத்தானே அத்தனை வருசம் ஓட்டினாரு. ஸ்பேனரும் சுத்தியும் தெரிஞ்ச யாரும் நடுக்காட்டுல சரி பண்ணிடலாம்ங்கறதுக்காகவே இப்படி அமைச்ச வண்டி இது. தேய்ஞ்சதைத் தேய்ஞ்ச இடத்துல புதுசாக்குங்க, அமைப்பை மாத்தாதீங்க. இன்னொரு விஷயம், இதே அளவுகளை ஜோங்கா, சக்திமான் மாதிரி வேற மிலிட்டரி வண்டிக்கு யாராவது கேட்டா சொல்லிடாதீங்க. அதுக எடையும் இன்ஜினும் வேற, கிளட்ச் அளவும் வேற.

முதல்ல ஆறு வருசம் நின்ன வண்டியில கிளட்ச் விடாமப் போனது, பிளேட் ஃபிளைவீலோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டதாலதான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடியில வர்ற ஈரக்காத்து சாளைக்குள்ள நின்ன இரும்பைச் சும்மா விடாது. அந்தப் பழைய பிளேட்டைத் தூக்கிப் போட்டுடலைன்னா எடுத்துப் பாருங்க. லைனிங் ரிவெட் தலைக்கு மேல நல்லா நின்னிருந்தா அதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. இனிமே நாலஞ்சு மாசம் வண்டி நிக்கற மாதிரி இருந்தா, டிராக்டருக்குச் செய்யற மாதிரியே, பெடலை முழுசா மிதிச்சு, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு வேப்பங்கட்டையை முட்டுக் குடுத்து வெச்சிடுங்க. பிளேட் ரெண்டு பக்கமும் விடுபட்டே நிக்கும். வண்டியை எடுக்கற அன்னைக்குக் கட்டையை எடுத்துட்டு, ஃப்ரீ பிளேயை ஒருக்கா அளந்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.